கிளை விட்டால் மட்டும் நரம்பாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் பிசி12 செல்களைப் பற்றியும், அவற்றுக்கு ஊற்றப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பற்றியும் மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லோருக்கும் புரிவதற்காக முதலில் இரண்டு வரி. பிசி12 என்பது எலியின் அட்ரினல் சுரப்பியில் வந்த கட்டி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1976இல் கிரீன், டிஷ்லர் இருவரும் அறிமுகப்படுத்திய செல்வகை. என்ஜிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால், உருண்டையாக இருக்கும் இந்த செல்கள் பிரிந்து பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, நீண்ட நீட்சிகளை விடத் தொடங்கும். சோடியம் சேனல் என்பது சோடியம் அயனிகளை உள்ளே விடும், செல் சவ்விலுள்ள வாயில். நுண்ணிய கண்ணாடிக் குழாயை (பிப்பெட்) செல்லில் ஒட்டி, அந்த வாயில்கள் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளப்பதுதான் பேட்ச் கிளாம்ப்.

கேள்வி: என்ஜிஎஃப் கொடுத்த ஏழாம் நாள் பிசி12 செல்களில் சோடியம் மின்னோட்டம் ஐந்து மடங்கு கூடியிருக்கிறது. "சோடியம் சேனல்கள் ஐந்து மடங்கு பெருகின" என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– ஆய்வு மாணவி, நாகமலைப் புதுக்கோட்டை

எழுதாதீர்கள். இன்னும் ஓர் எண் உங்களிடம் இருக்க வேண்டும்: ஒவ்வொரு செல்லின் மின்தேக்குத்திறன், அதாவது அதன் சவ்வு எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்ற அளவு. அது இல்லாமல் இந்த ஐந்து மடங்குக்குப் பொருள் சொல்ல முடியாது.

கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கரையை இரண்டு மைல் நீட்டினால் மடைகளின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். வெளியேறும் தண்ணீரும் கூடும். அதை வைத்து "மடை நெருக்கமாகிவிட்டது" என்று சொல்ல மாட்டோம். ஒரு ஃபர்லாங்குக்கு எத்தனை மடை என்று எண்ணிய பிறகுதான் பேசுவோம். என்ஜிஎஃப் பட்ட செல் உடல் பருத்து, நீட்சியும் விட்டு, சவ்வின் பரப்பைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. ஆகவே மொத்த மின்னோட்டத்தை சவ்வின் பரப்பால் வகுக்க வேண்டும். பரப்பை நேரடியாக அளக்க முடியாது. மின்தேக்குத்திறன்தான் அதற்கான அளவுகோல். உயிருள்ள சவ்வு எதுவானாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட் இருக்கும். 12 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைச் செல்லின் பரப்பு சுமார் 450 சதுர மைக்ரான், அதற்கு 4.5 பிகோஃபாரட் வர வேண்டும். சவ்வில் மடிப்புகள் உண்டு என்பதால் அளவீடு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். (இவை விளக்கத்துக்கான எண்கள்.) என்ஜிஎஃப் இல்லாத செல்லில் உச்ச மின்னோட்டம் 300 பிகோஆம்பியர், மின்தேக்குத்திறன் 6 பிகோஃபாரட். வகுத்தால் ஒரு பிகோஃபாரட்டுக்கு 50 பிகோஆம்பியர், இதுதான் அடர்த்தி. என்ஜிஎஃப் பட்ட செல்லில் 1500 பிகோஆம்பியர், 20 பிகோஃபாரட். வகுத்தால் 75. மொத்த மின்னோட்டம் ஐந்து மடங்கு, அடர்த்தியோ ஒன்றரை மடங்குதான். இரண்டையுமே எழுதுங்கள். மொத்தம் கூடியது உண்மை, அடர்த்தி கூடியதும் உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு செய்தி.

மின்தேக்குத்திறனை அளக்கும் முறை இது. பிப்பெட்டின் நுனி சவ்வோடு இறுக ஒட்டி சீல் விழுந்ததும், சவ்வை உடைப்பதற்கு முன்பே, பிப்பெட்டின் சொந்த மின்தேக்குத்திறனைக் கருவியில் ஈடுகட்டிவிடுங்கள். சவ்வு உடைந்த பிறகு, −80 மில்லிவோல்ட்டில் பிடித்துக்கொண்டு, −90க்கு 20 மில்லிநொடி ஒரு படி கொடுங்கள். கீழ்நோக்கிய படியாக இருந்தால் சோடியம், கால்சியம் சேனல்கள் திறக்காது. எழும் கூர்முனையின் அடியிலுள்ள பரப்பு மின்னூட்டத்தைத் தரும். அதைப் 10 மில்லிவோல்ட்டால் வகுத்தால் மின்தேக்குத்திறன். 60 ஃபெம்டோகூலோம் வந்தால் 6 பிகோஃபாரட். வடிகட்டியை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்தால் கூர்முனை மழுங்கிவிடும், கவனம். கூர்முனை ஒரே வேகத்தில் சரியாமல் முதலில் சடாரென்றும் பிறகு இழுவையாகவும் சரிந்தால், உடலும் நீட்சியும் தனித்தனியாக மின்னேற்றம் பெறுகின்றன என்று பொருள். அப்படிப்பட்ட செல்லை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்பதை மேலூர் வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

இன்னொரு பிழை மூலம் தொடர் மின்தடை. பிப்பெட்டின் நுனியிலும் உடைந்த சவ்விலும் சேர்ந்து 10 மெகாஓம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1500 பிகோஆம்பியர் ஓடும்போது அங்கே 15 மில்லிவோல்ட் தொலைந்துபோகும். நீங்கள் −10 என்று கட்டளையிட்ட இடத்தில் செல் வேறெங்கோ நிற்கும். சிறிய மின்னோட்டமுள்ள கட்டுப்பாட்டுச் செல்லில் (ஒப்பிடுவதற்காக என்ஜிஎஃப் கொடுக்காமல் வைத்த செல்) இந்தப் பிழை 3 மில்லிவோல்ட்தான். பிழை இரண்டு குழுவுக்கும் சமமாக இல்லாததால், "என்ஜிஎஃப் கொடுத்தபின் சேனல் திறக்கும் மின்னழுத்தம் நகர்ந்தது" என்ற பொய்யான முடிவு கிடைக்கும். 70 சதவீதம் ஈடுகட்டினால் 15 என்பது 4.5 ஆகக் குறையும். 2 முதல் 4 மெகாஓம் பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் தொடர் மின்தடையைக் குறியுங்கள். நடுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருந்தால் அந்த செல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு முறை என்ஜிஎஃப் வாங்கிப் போட்டும் செல்கள் நீட்சியே விடவில்லை. கொத்துக் கொத்தாக மிதக்கின்றன. எங்கே தவறு?
– கல்லூரி விரிவுரையாளர், திருப்பரங்குன்றம்

ஐயா, மருந்தைச் சந்தேகிக்கும் முன் தட்டின் அடிப்பரப்பைச் சந்தேகியுங்கள். பிசி12 செல் வெறும் பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது. ஒட்டாத செல் நீட்சி விடாது.

எலிவால் கொலாஜனை 0.02 நார்மல் அசிட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வீதம் கரைத்து, 35 மில்லிமீட்டர் தட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தட்டின் பரப்பு ஏறத்தாழ 9.6 சதுர சென்டிமீட்டர் என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் படியும். பிறகு அமிலம் போகும்வரை பாஸ்பேட் உப்புக் கரைசலால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கண்ணாடி வில்லையில் வளர்ப்பதானால் பாலி-டி-லைசின் பூசலாம். அதையும் மூன்று முறையாவது கழுவ வேண்டும், மிச்சம் தங்கினால் செல்லுக்கு நஞ்சு.

கொத்தாக இருப்பது பிசி12இன் பிறவிக் குணம். செல்களைப் பிரித்தெடுத்ததும் 22 கேஜ் ஊசி வழியாக ஐந்தாறு முறை மெதுவாக இழுத்து விடுங்கள். வேகமாக இழுத்தால் நுரை வரும், செல் சாகும். சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் செல் போதும். நெருக்கமாகப் போட்டால் யாருடைய நீட்சி யாருடையது என்றே தெரியாது, மின்பதிவும் கெடும்.

வளர்க்கும்போது ஆர்பிஎம்ஐ 1640 என்ற வளர்ப்புக் கரைசலில் (மீடியா) 10 சதவீதம் குதிரை சீரம், 5 சதவீதம் கன்றுக்கரு சீரம். என்ஜிஎஃப் கொடுக்கும் நாளில் சீரத்தை 1 சதவீதமாகக் குறைத்துவிட வேண்டும். 15 சதவீத சீரத்தில் செல்கள் பெருகுவதிலேயே குறியாக இருக்கும். சீரத்தில் என்னென்ன ஹார்மோன் இருக்கிறது என்பதும் புட்டிக்குப் புட்டி மாறும். குறிப்பாக ஸ்டீராய்டுகள் இந்த செல்லை நரம்புப் பக்கம் போகவிடாமல் சுரப்பிச் செல் பக்கம் இழுப்பவை.

இனி என்ஜிஎஃப். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், அதாவது சுமார் 2 நானோமோலார், வழக்கமான அளவு. 100 வரை போகலாம், அதற்கு மேல் பணம்தான் வீண். குப்பியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள். உலர்ந்த பொடி கண்ணுக்கே தெரியாமல் மூடியில் ஒட்டியிருக்கும், திறந்ததும் போய்விடும். 100 மைக்ரோகிராம் குப்பியில், 0.1 சதவீத ஆல்புமின் கலந்த உப்புக் கரைசல் ஒரு மில்லிலிட்டர் ஊற்றுங்கள். ஆல்புமின் இல்லாவிட்டால் இவ்வளவு நீர்த்த புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தட்டுக்குப் போய்ச் சேருவது 50 அல்ல, பாதி கூட இருக்காது. இதைப் பத்து மடங்கு நீர்த்து, சிறு சிறு குழாய்களில் பிரித்து −80இல் வையுங்கள். 2 மில்லிலிட்டர் மீடியாவுக்கு இதில் 10 மைக்ரோலிட்டர் போட்டால் கணக்கு சரி. ஒரு முறை உருகிய குழாயை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ மதுரைக்கு வரும் பெட்டியில் உலர்பனி தீர்ந்துபோயிருந்தால் பதறவேண்டாம், பொடியாக வந்தது ஓரிரு நாள் வெப்பத்தைத் தாங்கும். கரைசலாக வந்தது என்றால் நம்பாதீர்கள். புதிய குப்பி ஒவ்வொன்றையும் 0, 5, 20, 50, 100 நானோகிராம் என்று ஐந்து தட்டில் போட்டுச் சோதித்த பிறகே பெரிய சோதனைக்கு எடுங்கள். மீடியாவை இரண்டு நாளுக்கொரு முறை பாதி மட்டும் மாற்றுங்கள், புது என்ஜிஎஃப்புடன். முழுதாக உறிஞ்சினால் நீட்சிகள் இழுபட்டு அறுந்து வரும்.

இரண்டாம், மூன்றாம் நாள் நீட்சி தெரியத் தொடங்கும். ஏழு முதல் பத்து நாளில் வலை போலாகும். இத்தனையும் சரியாகச் செய்தும் நீட்சி இல்லையென்றால் இரண்டு சந்தேகம் மீதி: ஒன்று, பல முறை பிரித்து வளர்த்து வயதான செல்; மற்றொன்று மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாத் தொற்று. மைக்கோபிளாஸ்மா மீடியாவைக் கலங்க வைக்காது, கண்ணுக்கும் தெரியாது. டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்த்து, உட்கருவுக்கு வெளியே புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் அந்தக் குடுவையை அழுத்தக் கொதிகலனில் (ஆட்டோகிளேவ்) அழித்துவிட்டு, புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியத்திலிருந்து புது செல் வாங்குவதே வழி.

கேள்வி: மின்னழுத்தப் படி கொடுத்ததும் ஒரு சோடியம் கூர்முனை வருகிறது, இரண்டு மில்லிநொடி கழித்து இன்னொன்று, திடீரென்று முழு உயரத்தில் வருகிறது. புதுவகை சேனலா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், மேலூர்

புதுவகை சேனல் இல்லை, கடைமடைப் பிரச்சினை. மேலூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பேரணையில் ஷட்டரைத் தூக்கியவுடன் மேலூர்க் கடைமடையில் தண்ணீர் நிற்பதில்லை. அங்கே மட்டம் எப்போது, எவ்வளவு உயரும் என்பது தலைமடையில் நிற்பவர் கையிலும் இல்லை. உங்கள் பிப்பெட் செல்லின் உடலில் இருக்கிறது. 100 மைக்ரான் தள்ளி மெல்லிய நீட்சியின் நுனியில் உள்ள சவ்வு உங்கள் கட்டளைக்கு அடங்காது. உடல் −20க்கு வந்துவிட்ட பிறகும் நுனி −50இல் நிற்கும். அதன் சோடியம் சேனல்கள் தாமதமாக, தம் போக்கில் திறந்து ஒரு துடிப்பை எழுப்பும். அந்தத் துடிப்பின் எதிரொலிதான் இரண்டாவது கூர்முனை.

அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி: படியை 5 மில்லிவோல்ட் வீதம் உயர்த்திக்கொண்டே போனால் உண்மையான சேனல் மின்னோட்டம் படிப்படியாகக் கூடும். கடைமடைத் துடிப்பு இருந்தால் ஒன்றுமேயில்லை, ஒன்றுமேயில்லை, பிறகு சடாரென்று முழு உயரம் என்று வரும். படி கூடக்கூட உயரம் மாறாமல் தாமதம் மட்டும் குறையும். மின்னோட்ட–மின்னழுத்த வரைபடத்தில் இடப்பக்கம் செங்குத்தாக விழும் சரிவைப் பார்த்தாலே போதும்.

தீர்வு நான்கு உண்டு. நீட்சி வளர்ந்த செல்களை அடிப்பரப்பிலிருந்து மெதுவாகப் பெயர்த்து, நீட்சிகள் அறுந்து உருண்டையானதும் வேறு தட்டில் போட்டு, ஒட்டிய சில மணி நேரத்திற்குள் பதிவு செய்வது மிகச் சுத்தமானது. சேனல்கள் அப்படியே இருக்கும், வடிவம் மட்டும் எளிதாகிவிடும். அடுத்தது, வெளிக்கரைசலில் சோடியத்தைக் குறைப்பது: 140 மில்லிமோலாரில் 100ஐ எடுத்துவிட்டு சோடியம் சேனல் வழியே போகாத என்எம்டிஜி அல்லது கோலினை அதே அளவு போட்டால் மின்னோட்டம் சுருங்கும், கட்டுப்பாடு கூடும், தொடர் மின்தடைப் பிழையும் குறையும். மூன்றாவது, நீட்சி தலைகாட்டும் முன்பே, ஒன்றிரண்டு நாளில் பதிவு செய்வது. நான்காவது, குட்டையான நீட்சியுள்ள செல்லைப் பொறுக்கி எடுப்பது. இந்த நான்காவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நன்றாக மாறிய செல்களை ஒதுக்கிவிட்டு, சரியாக மாறாதவற்றை அளந்து, என்ஜிஎஃப்பின் பலன் இவ்வளவுதான் என்று சொல்வதில் போய் முடியும்.

கேள்வி: நீட்சி வந்தாலே சேனலும் வந்துவிட்டது என்றுதானே பொருள்? இரண்டையும் ஏன் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறீர்கள்?
– முதுகலை மாணவர், திருமங்கலம்

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளிலேயே இதுதான் அடிப்படையானது. இரண்டும் ஒரே விசையால் தொடங்குகின்றன, ஆனால் வெவ்வேறு கம்பி வழியாகப் போகின்றன.

என்ஜிஎஃப் செல்லின் மேலுள்ள ட்ரக்-ஏ ஏற்பியில் அமர்ந்ததும் உள்ளே பல பாதைகள் விழிக்கின்றன. ராஸ் என்ற புரதம் வழியாக இஆர்கே என்ற நொதி பல மணி நேரம் விழித்திருந்தால் நீட்சி வளரும். இஜிஎஃப் என்ற மேல்தோல் வளர்ச்சிக் காரணியும் அதே நொதியை எழுப்பத்தான் செய்கிறது. ஆனால் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. அதனால் இஜிஎஃப் கொடுத்த பிசி12 செல் நீட்சி விடாமல் பெருகிக்கொண்டிருக்கும்.

மின்சாரப் பக்கம் கதை வேறு. 1977இலேயே டிக்டர், டிஷ்லர், கிரீன் மூவரும் என்ஜிஎஃப் கொடுத்து வளர்த்த பிசி12 செல்களில் மின்துடிப்பு எழுவது கூடுவதையும், அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளுக்கான உணர்வு கூடுவதையும் பதிவு செய்தார்கள். சோடியம் சேனல் கூடுவதற்கு சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறைச் சார்ந்த புரத கைனேஸ் என்ற நொதி தேவை என்று 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது: அந்தக் கைனேஸ் குறைபட்ட பிசி12 செல்கள் என்ஜிஎஃப்புக்கு நீட்சி விட்டன, ஆனால் வேலை செய்யும் சோடியம் சேனல்கள் வழக்கம்போல் கூடவில்லை. ஆக, நீட்சி உண்டு, சேனல் கூடவில்லை. அதற்கு மறுபக்கமும் உண்டு. 1995இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு நிமிடம் என்ஜிஎஃப் காட்டிக் கழுவிவிட்டதே பிஎன்1 என்ற சோடியம் சேனலின் மரபணுவைத் தூண்டிவிடப் போதுமானதாக இருந்தது. இன்று என்ஏவி1.7 என்று நாம் சொல்வது அதைத்தான். நீட்சி வளர்வதற்கோ என்ஜிஎஃப் நாள் கணக்கில் கூடவே இருக்க வேண்டும்.

அதனால்தான் "நீட்சி வந்தது, ஆகவே நரம்பாகிவிட்டது" என்று படத்தை மட்டும் ஒட்டி முடிக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நீட்சியை எண்ணுங்கள், செல் உடலின் விட்டத்தைவிட நீளமானதை மட்டும், தட்டுக்கு நூறு செல்லாவது, எது எந்தத் தட்டு என்று தெரியாத ஒருவரைக் கொண்டு எண்ணுங்கள். மின்னோட்டத்தைத் தனியாக அளந்து தனியாக எழுதுங்கள்.

கட்டுப்பாட்டுத் தட்டு விஷயத்தில் ஒன்று. என்ஜிஎஃப் தட்டு 1 சதவீத சீரத்தில் ஏழு நாள் இருந்தால் கட்டுப்பாடும் அதே சீரத்தில் அதே ஏழு நாள் இருக்க வேண்டும். 15 சதவீத சீரத்தில் நேற்றுப் போட்ட செல்லோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது சீரக் குறைப்பின் பலனையும் சேர்த்துத்தான். ட்ரக் ஏற்பியைத் தடுக்கும் கே252ஏ மருந்தை 200 நானோமோலார் அளவில் சேர்த்த தட்டு ஒன்றும் வேண்டும். ஒரே நாளில் இரண்டு குழுவையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்யுங்கள். ஒரே தட்டிலிருந்து முப்பது செல் எடுத்து "எண்ணிக்கை முப்பது" என்று எழுதுவது புள்ளியியலில் நிற்காது. வெவ்வேறு வாரத்தில் போட்ட மூன்று நான்கு வளர்ப்புகளிலிருந்து எட்டு பத்து செல் வீதம் எடுத்தால் அதற்கு மதிப்பு.

கேள்வி: புற்றுக்கட்டி செல்லை ஏன் பயன்படுத்த வேண்டும்? உண்மையான நரம்பு செல்லையே வளர்க்கலாமே?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி

வளர்க்கிறார்கள், அம்மா. ஆனால் முதிர்ந்த நரம்பு செல் பிரிந்து பெருகாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக விலங்கிலிருந்து எடுக்க வேண்டும். கட்டி செல் முடிவில்லாமல் பெருகும், உறைய வைத்து எடுக்கலாம். பிசி12க்கு இன்னொரு வசதி: உயிர் வாழ என்ஜிஎஃப் தேவையில்லை. என்ஜிஎஃப் இல்லாமல் சாகும் செல்லில் "இல்லாதபோது எப்படி இருந்தது" என்று அளக்கவே முடியாதே.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பேட்ச் கிளாம்ப் கருவி இல்லை. ஒளிரும் நுண்ணோக்கி மட்டும் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– உயிரியல் ஆசிரியை, மதுரை

முடியும், கேட்கும் கேள்வியைச் சற்று மாற்றிக்கொண்டால். கால்சியத்தைக் காட்டும் ஃப்ளுவோ-4 ஏஎம் சாயத்தை 2 முதல் 5 மைக்ரோமோலார் அளவில் 30 நிமிடம் ஊற்றி, கழுவி, இன்னும் 20 நிமிடம் விடுங்கள். 37 டிகிரியில் நீண்ட நேரம் விட்டால் சாயம் செல்லுறுப்புகளுக்குள் புகுந்துவிடும்.

பலரும் செய்வது: பொட்டாசியம் குளோரைடை 50 மில்லிமோலாருக்கு உயர்த்தி ஒளி கூடுகிறதா என்று பார்ப்பது. 5லிருந்து 50க்கு உயர்த்தும்போது சோடியம் குளோரைடை 140லிருந்து 95க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் உப்பு கூடி செல் சுருங்கும், அந்தச் சுருக்கமே ஒளியைக் கூட்டிக் காட்டும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. என்ஜிஎஃப் படாத பிசி12 செல்லிலும் நிஃபெடிபின் மருந்தால் தடைபடும் எல் வகைக் கால்சியம் சேனல்கள் இருக்கின்றன. அதனால் இரண்டு தட்டும் ஒளிரும். நரம்பானதற்கு இது சாட்சி ஆகாது. ஒமேகா-கோனோடாக்சின் ஜிவிஐஏ என்ற நஞ்சால் தடைபடும் 'என்' (N) வகைக் கால்சியம் சேனலின் பங்கு எவ்வளவு கூடியது என்று பிரித்துக் காட்டினால் அது நல்ல தகவல்.

சோடியம் சேனலைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வெராட்ரிடின் 50 மைக்ரோமோலார் கொடுங்கள். அது சோடியம் சேனலை மூடவிடாமல் பிடித்துவைக்கும். செல்லின் மின்னழுத்தம் ஏறி, கால்சியம் உள்ளே வரும். சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் ஒரு மைக்ரோமோலார் சேர்த்த தட்டில் இந்த ஒளி அடங்கினால், அடங்கிய அளவு சோடியம் சேனலின் பங்கு. டெட்ரோடோடாக்சின் கொடிய நஞ்சு. கையுறை இல்லாமலோ, தனியாக இருக்கும்போதோ அதைத் தொடக்கூடாது. அது கிடைக்காத கல்லூரியில் சோடியத்துக்குப் பதில் என்எம்டிஜி போட்ட கரைசலே நேர்மையான கட்டுப்பாடு. ஒளியை அப்படியே ஒப்பிடாமல், தொடக்க ஒளியால் வகுத்துத்தான் எழுத வேண்டும். தடித்த உடலும் மெல்லிய நீட்சியும் ஒரே அளவு சாயம் ஏற்பதில்லை.

கேள்வி: கோடையில் எடுத்த பதிவுகளும் மார்கழியில் எடுத்தவையும் பொருந்தவே மாட்டேன் என்கின்றன. ஏன்?
– ஆய்வாளர், அழகர்கோவில் சாலை

அறை வெப்பத்தை எழுதிவைத்தீர்களா? "அறை வெப்பநிலை" என்ற சொல் குளிர்நாட்டில் 22 டிகிரி. மதுரையில் சித்திரை மாதம் ஏசி நின்றுபோன அறையில் அது 34. சேனல் திறந்து மூடும் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு மாறக்கூடியது. துடிப்பின் அகலம், சோடியம் மின்னோட்டம் அடங்கும் வேகம் எல்லாம் வெப்பத்தோடு நகரும். தட்டின் கரைசலிலேயே சிறு வெப்பமானியை வைத்து, ஒவ்வொரு செல்லுக்கும் குறியுங்கள்.

கரைசலின் ஆஸ்மாலிட்டியும் (கரைந்த பொருள்களின் செறிவு) கோடையில் ஏமாற்றும். திறந்த தட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடும். வெளிக்கரைசல் 305 மில்லிஆஸ்மால், பிப்பெட் கரைசல் அதைவிடப் பத்துப் பதினைந்து குறைவு என்று காலையில் சரிபார்த்தது மதியம் நிற்காது. பிப்பெட்டில் பொட்டாசியம் குளுக்கோனேட் போடுகிறவர்கள் இரண்டு கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் எழும் சந்தி மின்னழுத்தம் சுமார் 12 முதல் 15 மில்லிவோல்ட்டைக் கழிக்க மறக்கக் கூடாது. கருவி −50 என்று காட்டினால் செல் உண்மையில் −63 அருகே இருக்கிறது. துடிப்பு எழுகிறதா என்று பார்க்கும் முன் எல்லா செல்லையும் மின்னோட்டம் செலுத்தி −70க்குக் கொண்டுவாருங்கள். −45இல் நிற்கும் செல்லில் சோடியம் சேனல் இருந்தும் பெரும்பகுதி உறங்கிக் கிடக்கும். "இந்த செல்லில் துடிப்பு இல்லை" என்று தவறாக எழுதிவிடுவோம்.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. நம் பகுதி ஆழ்துளைத் தண்ணீரின் கடினத்தன்மை வடிகட்டியைச் சீக்கிரம் தின்றுவிடும். தண்ணீரின் தூய்மையைக் காட்டும் மீட்டர் 18.2 மெகாஓம் காட்டாத நாளில் கரைசல் தயாரிக்க வேண்டாம்.

கேள்வி: நரம்பு வளர்ச்சிக் காரணி என்று சொல்லி மாத்திரை விற்கிறார்கள். நினைவாற்றலுக்குச் சாப்பிடலாமா?
– இல்லத்தரசி, அண்ணா நகர், மதுரை

என்ஜிஎஃப் ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றில் பருப்புப் போலச் செரித்துவிடும். இரத்தத்தில் ஏற்றினாலும் மூளைக்குள் போவதைத் தடுக்கும் அரண் இருக்கிறது. சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்த சோதனைகளில், ஊசி போட்ட இடத்தில் வலி எடுத்தது. வலியுணர்த்தும் நரம்புகளை என்ஜிஎஃப் எளிதில் துடிக்கும்படி ஆக்குகிறது என்பதுதான் காரணம். கண்ணின் விழிவெண்படல நரம்பு செயலிழந்து ஆறாத புண் வருபவர்களுக்கு செனெகெர்மின் என்ற சொட்டு மருந்தாக, நேரடியாகக் கண்ணிலேயே விடுவதற்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கொடுத்தார்கள். நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம், கண் மருத்துவரின் மேற்பார்வையில். மாத்திரைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் இரண்டு நாள் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியாது. ஏழு நாள் சோதனையை எப்படித் திட்டமிடுவது?
– ஆய்வு மாணவர், தல்லாகுளம்

பின்னாலிருந்து எண்ணுங்கள். மீடியா மாற்றும் நாட்கள் 0, 2, 4, 6; பதிவு 7இல். அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு மறுநாளும் உங்கள் 5ஆம் நாளாகவும் 6ஆம் நாளாகவும் வராதபடி 0ஆம் நாளைத் தள்ளுங்கள். 3ஆம் நாளும் 4ஆம் நாளும் விடுமுறையாக வந்தால் 2ஆம் நாள் மாலை தாமதமாக மாற்றிவிட்டு 5ஆம் நாள் காலையில் முதல் வேலையாக மாற்றலாம். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே நேரம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் அழுத்தத்தைப் போகும் முன் பாருங்கள். இன்குபேட்டரின் அடித்தட்டில் தண்ணீர் நிரப்புங்கள். மின்சாரம் போய் வந்ததா என்பது திரும்பி வரும்போது மீடியாவின் நிறத்தில் தெரியும்: ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வாயு நின்றிருக்கிறது, அந்தத் தட்டுகளில் பதிவு எடுக்க வேண்டாம். என்ஜிஎஃப் பட்ட செல்லை உறைய வைத்துப் பாதுகாக்கும் யோசனை பலருக்கு வரும். நீட்சி விட்ட செல் உறைந்து எழுவதில்லை. என்ஜிஎஃப் படாத செல்லை மட்டும் உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் கலந்த சீரத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, திருவிழாவுக்கு முன்பே இரண்டு குப்பியாவது திரவ நைட்ரஜனில் போட்டுவையுங்கள்.